கிழக்கு கேலரியின் கடைசி வரிசை

அன்று கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர். நான், என் மருமகன், மைதானத்துப் புல்லைப் பராமரிக்கும் பெரியவர். மூவரும் உயிரோடுதான் இருக்கிறோம். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பொய் சொல்லிப் பிழைத்த குடும்பமல்ல எங்களுடையது.

கால்பந்து கிளப்பின் பனியன், கொடி, மஃப்ளர் எல்லாம் கிழக்கு கேலரிக்கு அடியில் இருந்த எங்கள் கடையில்தான் விற்றன. மேலே கடைசி வரிசையில் என் தம்பி டிரம் அடிப்பான். அந்தத் தாளத்துக்கு கேலரியே காலால் மிதிக்கும். எதிரணிக்காரர்கள் வெலவெலத்துப் போவார்கள். கோப்பைகள் அப்படித்தான் வந்தன.

பிறகு ஒரு ஆட்டத்தன்று நெரிசல். நான் வெளியூரில் இருந்தேன். இறங்கிக் கிடந்த எங்கள் ஷட்டருக்கு முன்னால் தம்பியின் உடலை எடுத்தார்கள். சரக்குக்குப் பயந்து கடையை மூடி, கடை வழியாகத் தெருவுக்குத் தப்பும் வழியை அடைத்தோம் என்று ஊர் பேசியது. கிளப்போ அவன் முகம் போட்ட மஃப்ளரை விற்றுக் காசு பார்த்தது.

இப்போது புது ஸ்டேடியம் வந்துவிட்டது. பழையதை இடிக்கிறார்கள். கடையைக் காலி செய்துகொண்டிருந்தோம். மாலை ஆறு இருபது.

மேலே... டம். டம். டம்-டம்.

"பசங்க யாராவது இருக்கும், மாமா."

"கேட்டைப் பூட்டிட்டுத்தான் வந்தேன்," என்றார் பெரியவர். "எந்தப் பசங்க?"

அவரும் நானும் வெளியே போய் அண்ணாந்து பார்த்தோம். ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலிகள் அவை. கடைசி வரிசை முழுக்க விரிந்திருந்தது. ஆள் இல்லை.

டப்... டப்... டப்...

ஒவ்வொன்றாக மடங்கின.

படியில் காலடிகள். ஓட்டம். எங்களை நோக்கி.

கடைக்குள் பாய்ந்தோம். எங்கள் ஷட்டர் தம்பி இருந்த காலத்திலேயே ஸ்பிரிங் போனது. கையை விட்டால் இறங்கிவிடும். மருமகன் அதைக் கீழே இழுத்தான். அசையவில்லை.

"மாமா... யாரோ மேல தூக்குறாங்க."

"விட்டுடு," என்றேன்.

ஷட்டர் ஏறி நின்றது.

கொக்கியில் மஃப்ளர்கள் ஆடின. ஒன்று... அடுத்தது... யாரோ உரசிப் போவதுபோல.

பின்கதவு தானாகத் திறந்தது. அந்தப் பக்கம் தெரு.

அமைதி.

டம்.

ஒரே அடி. ஷட்டருக்கு அடியில்.

மறுநாள் இடிப்பு மேஸ்திரியிடம் அந்த வரிசையைப் பற்றி விசாரித்தேன்.

"கடைசி வரிசையா? நேத்துக் காலையிலயே கழட்டி லாரியில ஏத்திட்டோமே, ஐயா."

நெரிசலன்று எங்கள் கடை மூடியிருந்தது என்பது பொய். கூட்டம் வெளியேற, மேலிருந்து ஓடி வந்து என் தம்பி ஷட்டரைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் விழுந்த பிறகே அது இறங்கியது. அன்று பூட்டியிருந்தது கிளப்பின் கேட்தான்.