ஊதச் சொன்ன அக்கா

மாசாயில் என் வாடகை அறையின் ஜன்னலோரம் ஒரு ஒயின் கிளாஸ் இருக்கிறது. நீண்ட காம்பு, விளிம்பில் சின்னதாய் ஒரு உடைசல். பல் துலக்கும் பிரஷ்ஷை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனையோ வேலையும் ஊரும் மாறியும் கூடவே வரும் பொருள் இது ஒன்றுதான்.

மூவாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கிடைத்தது. கடையை நடத்தியவரை எல்லாரும் அக்கா என்போம். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். சிங்கப்பூரில் தட்டு கழுவி, பாசிர் கூடாங்கில் மூட்டை தூக்கி, பிறகு அக்கா கடையில் பரிமாறப் போயிருந்தேன். கடைக்குள் போத்தல் வரக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அவர் கணவர் குடித்தே போனவர். தினமும் அக்கா அவரை வாசலில் நிறுத்தி ஊதச் சொல்வாராம். குடித்தது சம்சுவா கள்ளா என்பது மட்டுமல்ல, கூடத் தின்றது கருவாடா கறியா என்பதும் அந்த மூச்சிலேயே தெரிந்துவிடும். ஒருநாள் வெறுத்துப்போய்க் கதவைத் திறக்கவில்லை. அவர் சாஆ என்ற ஊரில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போனார், உயிரோடு திரும்பவில்லை. கீரை ஆய்ந்தபடியே அக்கா இதைச் சொன்னார்.

பிறகு கடையில் கூட்டம் குறைந்தது. கடையை மூட வேண்டியதுதான் என்றிருந்த சமயத்தில், வாடிக்கையாகச் சாப்பிட வரும் நாற்காலித் தொழிற்சாலை மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். நாற்காலிகள் வாங்க வரும் வெள்ளைக்காரர்களை இங்கேயே விருந்துக்கு அழைத்து வருவார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடிக்கடி வருவார்கள். ஆனால் சாப்பாட்டோடு ஒயின் வேண்டும். அக்கா இரண்டு நாள் கீரை ஆய்ந்தபடியே யோசித்தார். மூன்றாம் நாள் என்னிடம், "கொண்டாரச் சொல்லு" என்றார்.

போத்தல்களும் கிளாஸ்களும் வந்தன. அக்கா தொடமாட்டார். அதனால் எந்தக் கறிக்கு எந்த ஒயின் சேரும் என்று பார்க்க, நான் ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று தின்று குடித்து, அவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும்.

"எங்க, ஊது."

முதலில் மிளகு போட்ட ஆட்டுக்கறியும் சிவப்பு ஒயினும். எனக்கு நாக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டும் சண்ட போடுது. வேணாம்."

"அக்கா, ஆட்டுக்கறிக்குச் சிவப்புன்னுதான் புத்தகத்துல போட்டிருக்கு" என்றார் மேனேஜர்.

"அந்தப் புத்தகம் எழுதுனவன் என் மொளகுக் கறிய தின்னுருக்கானா, கேளுங்க."

மீன் பொரியலுக்குப் புளிப்பான வெள்ளை சரிவந்தது. சிவப்பு, காரமில்லாத கத்தரிக்காய்ப் பிரட்டலோடு ஒத்துப்போனது. ரசத்தோடு எதைக் குடித்தாலும் கெட்டது. "ரசத்த தனியா விடு" என்றார். "அலமாக், எனக்குத் தல சுத்துதுக்கா" என்றேன். "சம்பளத்தோட குடிக்கிற, பேசாத."

கடைசியில் மறுபடி ஆட்டுக்கறி, இம்முறை இலேசாக இனிக்கும் வெள்ளை ஒயினோடு. காரம் அப்படியே இருந்தது, எரிச்சல் மட்டும் அடங்கியது. ஊதினேன். அக்கா விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தரம்" என்றார். ஊதினேன்.

"இந்த வாசத்தோட வந்திருந்தா, அன்னிக்குத் தொறந்திருப்பேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "இதையே வைங்க" என்று குசினிக்குள் போனார்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அந்த ஆட்டுக்கறியை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். பிறகும் வந்தார்கள். கடை நிலைத்தது. எனக்குத்தான் கால் நிற்கவில்லை, சில மாதத்தில் கிளம்பினேன். அக்கா உடைசல் விழுந்த ஒரு கிளாஸை எடுத்துக் கையில் கொடுத்தார். "சீக்கிரம் கல்யாணம் பண்ணு லா. ஊதச் சொல்ல ஒரு ஆளு வேணும்."

பண்ணிக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சமைத்து, இனிப்பான வெள்ளை ஒயின் ஒன்று வாங்கி, பிரஷ்ஷை எடுத்துவிட்டு இதில்தான் ஊற்றிக் குடித்தேன். முடித்ததும் காலிக் கிளாஸுக்குள் ஊதிப் பார்த்தேன். கண்ணாடி மங்கியது. அது தெளியும்வரை ஜன்னலோரம் பிடித்திருந்துவிட்டு, கழுவி, பிரஷ்ஷைத் திரும்பப் போட்டேன்.