முனி மரத்துப் பொந்துல ஒரு டப்பா

இன்னைக்குக் காலையில கொட்டகலைக்கு பஸ் புடிக்க எறங்குறேன், எங்க லயத்து வீடுகளுக்குக் கீழ இருக்கிற முனியாண்டி மரத்த ஒரு வெள்ளக்கார ஜோடி சுத்திச் சுத்தி வருது. கையில போன். ரெண்டடி நடக்கிறாங்க, நிக்கிறாங்க.

"மலைய அளக்குறாங்க. ஹோட்டல் கட்டப் போறாங்க போல," ன்னுச்சு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன செல்வி அக்கா.

எனக்கும் அதே சந்தேகம். தெரிஞ்ச இங்கிலீசுல கேட்டேன்.

வெளையாட்டாம். யாரோ ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சுட்டு, இடத்த நெட்ல போட்டுருவாங்களாம். மத்தவங்க போனப் பாத்துத் தேடிக் கண்டுபிடிக்கணுமாம்.

"சும்மா கத வுடுறாங்க," ன்னுச்சு அக்கா.

அதுக்குள்ள அந்தப் பொண்ணு மரப்பொந்துக்குள்ள கைய விட்டுருச்சு! அக்கா கன்னத்துல போட்டுக்கிச்சு. மரத்துக்குக் குங்குமம் வைக்கிறதோட சரி, பொந்துக்குள்ள நாங்க யாரும் கை விடமாட்டோம். முனி அடிச்சிருவாரு.

நெசமாவே ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்துச்சு. ரெண்டு மூணு வருசமா அங்கதான் இருக்காம்.

அவங்க தெறந்து பாத்துட்டு, திரும்ப வச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே போய்ட்டாங்க.

இப்ப என் சந்தேகம் அவங்க மேல இல்ல. அந்தப் பொந்துல நாங்க கை விடமாட்டோம்னு வெளியாளுக்கு எப்படிங்க தெரியும்? ஒளிச்சது நம்ம தோட்டத்து ஆளுதான்.

இதப் படிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. மரியாதையா கமெண்ட்ல வந்து சொல்லிருங்க. செல்வி அக்கா முனிகிட்டயே கேக்குறேன்னு கற்பூரம் வாங்கப் போயிருச்சு.