துரை கேட்காத வார்த்தை

பினாங்குத் துறைமுகம். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்கள் கழித்துக்கட்டிய நாங்கள், நாகப்பட்டினக் கப்பலுக்காக வெயிலில் வரிசையாக நிற்கிறோம். மேசையில் ஒரு வெள்ளைக்காரத் துரை பெயர்களை வாசிக்கிறார். எனக்கு முன்னால் நிற்கும் பெண் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக்காரி. என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்ததும் கேட்கிறாள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு பேரும் லிஸ்டுல இருக்கு. அவரு போன மாசம் செத்துட்டாரு. பேரைக் கூப்பிட்டா துரைகிட்ட என்ன சொல்றது?”

“டெட்னு சொல்லும்மா.”

“எதுல செத்தாருன்னு கேப்பாரே. காய்ச்சலுக்கு என்னண்ணே?”

“ஃபீவர்.”

வரிசை நகர நகர இரண்டையும் முணுமுணுக்கிறாள். ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

“மாரிமுத்து,” என்கிறார் துரை.

“டெட்.”

அவர் நிமிராமலே பெயர்மேல் ஒரு கோடு இழுத்து, போகச் சொல்லிக் கையசைக்கிறார். அவள் நகரவில்லை.

“இன்னும் கேக்கலியே, அண்ணே?”

“கேக்க மாட்டாரும்மா. போ.”

என் குரலில் எதற்கு இவ்வளவு எரிச்சல் என்று தெரியவில்லை. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலடி போகிறாள். பிறகு திரும்பி, மேசையைப் பார்த்து, “ஃபீவர்,” என்கிறாள்.

துரை அதற்குள் என் பெயரை வாசித்துவிட்டார்.