கை தூக்கினால் நிறுத்த வேண்டும்

பல் ஆஸ்பத்திரிக்குப் பெருக்கித் துடைக்க வந்தவள்தான் பல்லக்கா. அந்தப் பெயரை வைத்தது அங்கே வரும் பிள்ளைகள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த இருபத்தாறு வருஷத்தில், பயந்து அலறிய பிள்ளைகளில் ஒன்றையாவது அவள் வாய் திறக்க வைக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறாளா? சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய டாக்டர்கள் நாலு பேர் வந்து போய்விட்டார்கள். பல்லக்கா அசையவில்லை.

அன்றைக்கு ஒருவர் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரண்டு வாரமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நாற்காலியைப் பார்த்ததுமே வாயைப் பூட்டிக்கொண்டது.

“ஐஸ்கிரீம் கடைக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்,” என்று அசடு வழிந்தார் அப்பா.

“நல்லா சொன்னீங்க போங்க!” என்றாள் பல்லக்கா. “இனிமே நீங்க பகல்னு சொன்னாலும் அவ வெளிய எட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவா.”

புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னைக்கு வாய் திறக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிதான். மயக்கம் கொடுத்துதான் செய்யணும்.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

பல்லக்கா பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வலிக்கவே வலிக்காது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. “கண்ணு, கொஞ்சம் கூசும். சத்தம் கேக்கும். இங்க பாரு.” சுழலும் குட்டி பிரஷ்ஷைத் தன் நகத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு பிள்ளையின் நகத்தில் வைத்தாள். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா கையத் தூக்கு. டாக்டர் நிறுத்திடுவாரு.”

பிள்ளை வாய் திறந்தது. கை தூக்கியது, டாக்டர் நிறுத்தினார். மறுபடி தூக்கியது, நிறுத்தினார். மூன்றாவது தடவை, “இதோ முடிஞ்சிடும்மா,” என்று அவர் பாட்டுக்கு மெஷினை ஓட்டினார். பிள்ளையின் கண் பல்லக்காவைத் தேடியது.

பல்லக்கா எட்டி நாற்காலியின் சுவிட்சை அணைத்தாள்.

“என்ன பண்றீங்க?” டாக்டரின் குரல் உயர்ந்தது. “அவளுக்கு வலிக்கல. சும்மா சோதிச்சுப் பாக்குறா.”

“ஆமா டாக்டர், நம்மளத்தான் சோதிக்கிறா. பாஸாக வேணாமா? அவங்கப்பா ஏற்கெனவே ஃபெயிலு.”

டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். பிறகு பிள்ளையிடம் குனிந்தார். “தப்புதாம்மா. நிறுத்திட்டேன். நீ சொன்னாத்தான் திரும்ப ஆரம்பிப்பேன்.”

பிள்ளை அவரை நன்றாகக் காக்க வைத்தது. பிறகு தானாகவே வாயைத் திறந்தது, தொண்டை தெரிகிற அளவுக்கு. அதற்கப்புறம் அந்தக் கை வயிற்றைவிட்டு எழும்பவே இல்லை. அரை மணியில் சொத்தையைச் சுரண்டி, பல்லை அடைத்தாயிற்று. மயக்கமும் வேண்டியிருக்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டியிருக்கவில்லை.

எத்தனை வருஷம் படித்தவரை ஐந்தாம் வகுப்பு நிறுத்தி வைத்தது! சும்மாவா?

மறுநாள் காலை, வாசல் பெஞ்சில் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். டாக்டர் தானே வந்து பல்லக்காவைக் கூப்பிட்டார்.

“முதல்ல நீங்க பேசுங்கக்கா. நான் பின்னால வரேன்.”

பல்லக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலை நிமிர்ந்து முன்னால் நடந்தாள்.