ஒரே அலசில் போகும்

டெல்லி கிட்வாய் நகர் மார்க்கெட்டில் போன மாதம் எனக்கு ஒரு அவமானம். பழ வண்டிக்காரர் என் மனைவி வசந்தாவிடம், 'தீதி, பப்பாளி பாருங்க' என்று இந்தியில் குழைந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பாபாஜி மெல்லுவதற்கு வசதியாக நன்றாகப் பழுத்ததாகத் தரட்டுமா என்று கேட்டார்.

அவள் அக்கா, நான் தாத்தா! இது எந்த ஊர் நியாயம்?

வீடு வரும் வரை வசந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கென்ன... இந்த வயதிலும் கன்னங்கரேலென்ற கூந்தல். பிறவிச் சொத்து என்று காலனியே மெச்சும். என் தலையோ வெள்ளையடித்த சுவர். எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தாலி கட்டும்போது, பெண்ணைத் தாரை வார்க்க வந்த அப்பா மாதிரி போட்டோவில் விழுந்தால்?

சாதாரண டை எனக்கு ஆகாது. ஒருமுறை போட்டு முகம் பூரியாக உப்பியது போதும். அதனால் தற்காலிகச் சாயம்தான். மகள் நித்யா மொபைலில் வகைகளைக் காட்டினாள். ஸ்ப்ரே, பிரஷ், மெழுகு, சாக்பீஸ்... சாக்பீஸா? நான் என்ன கரும்பலகையா?

'ஷாம்பூ டைப் எடுங்கப்பா. நாலஞ்சு தடவை குளிச்சாதான் போகும், சேஃப்,' என்றாள். நான் மறுத்துவிட்டேன். ரிடையர் ஆகப்போகிற நேரத்தில் கறுப்புத் தலையோடு ஆபீஸுக்குப் போனால் செக்‌ஷனே ஓட்டித் தள்ளிவிடும். காலையில் மாப்பிள்ளை, சாயங்காலம் பழையபடி நான் — இதுதான் திட்டம். 'ஒரே அலசில் போகும்' என்று டப்பாவில் போட்டிருந்த ஸ்ப்ரேயைத் தேர்ந்தெடுத்தேன். இந்த வயதில் எதற்கு வேஷம் என்று வசந்தா முகத்தைச் சுளித்தாள்.

விசேஷத்தன்று கருகருவென்று மணையில் உட்கார்ந்தேன். மச்சினன் கிட்டே வந்து இரண்டு தடவை உற்றுப் பார்த்தான். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. ஹோமம் முடிந்ததும் புரோகிதர், கலச அபிஷேகத்துக்கு வாருங்கள் என்றார்.

கலச அபிஷேகம்! தம்பதியின் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, உறவுக்காரர்கள் எல்லோரும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவார்களே, அதுதான். எத்தனை அறுபதாம் கல்யாணத்தில் நானே ஊற்றியிருக்கிறேன்! டப்பா டப்பாவாகப் படித்துப் பார்த்தவனுக்கு இது ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

முதல் சொம்பிலேயே நெற்றி, மூக்கு, வேட்டி — எல்லாம் கறுப்பு. டெல்லியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த ஸ்ப்ரே ஒன்றுதான். கூட்டம் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லோரும் எனக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். நானும் திரும்பினேன்.

வசந்தாவின் கன்னத்திலும் கறுப்புக் கோடுகள்! வகிட்டிலும் காதோரத்திலும் பளிச்சென்று வெள்ளை. பிறவிச் சொத்து, வாரா வாரம் பிரஷ்ஷால் தீட்டியதாம். அபிஷேகம் அவளுக்கும் மறந்துபோயிருக்கிறது.

'நீயுமா?' என்றேன்.

'நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?' என்றாள், தலை நிமிராமல்.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... அந்த நரையோடு நரையாகத் தாலி கட்டினேன். போட்டோவில் அப்பாவும் பெண்ணும் இல்லை. அசல் புருஷன் பெண்டாட்டி. இனி யாரை ஏமாற்ற என்று வசந்தாவும் பிரஷ்ஷைக் குப்பையில் போட்டாள்.

நேற்று அதே பழ வண்டி. 'வாங்க பாபாஜி, வாங்க மாதாஜி' என்றார் அவர். நான் பப்பாளியை ஆற அமரத் தட்டிப் பார்த்து வாங்கினேன். வசந்தா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்:

'நித்யா ஏதோ ஷாம்பூ டைப் சொன்னாளே... அதுல ரெண்டு ஆர்டர் போடுங்க.'