குளக்கட்டை விட்டு இறங்காத பிள்ளை

இதைக் கணினியில் அடிக்கப்போகும் பிள்ளை என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்தில் ஒன்று ஆளுயரம் நிற்கும், அடுத்தது குந்தியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகியவன் நான். சுகந்தி டீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, நான் சொல்ல இன்னொருவர் எழுதுவதை மனம் ஏற்கவில்லை.

செய்தி வந்தபோது வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு படிக்கும் பூரணம் சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஐயா, டீச்சர் எங்களை விட்டிட்டுப் போட்டா.” சிறுநீரக வருத்தம் மூன்று வருடமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மண்வெட்டியைக் கீழே வைக்க எனக்குக் கை வரவில்லை.

விசுவமடுவில் எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை தோறும் முதியோருக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் அவர். எழுத்துக் கூட்ட வந்ததும் நான் முதலில் வாசித்தது என் மகளின் சாதகத்தை. கடைசிச் சண்டையில், பதின்மூன்று வயதில், தறப்பாள் கூடாரத்தின் கீழ் செத்துப்போன என் ஒரே பிள்ளை அவள். எல்லா இடப்பெயர்விலும் அந்தச் சாதகத்தை வாசிக்கத் தெரியாமலே சுமந்து திரிந்திருக்கிறேன். ‘ராணி’ என்று அதில் இருந்த அவள் பெயரை நானே வாசித்தேன்! அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கடைப் பலகை ஒன்றையும் விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சாதகத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். சுக்கிர திசையில் ஒன்பது வருடம் கர்ப்பத்தில் சென்றது என்று அதில் எழுதியிருந்தது.

“டீச்சர், என் சம்சாரம் பத்து மாசந்தானே சுமந்தா? ஒம்பது வருசம் இவ எங்க இருந்தா?”

“ஆனைகூட ரெண்டு வரியந்தான் ஐயா சுமக்கும்,” என்றாள் பூரணம். “உங்கட மனிசி பாவம்!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “பிறக்கேக்க நடந்த திசையில, அதுக்கு முதலே கழிஞ்ச பங்கு அது. சாத்திரக் கணக்கு ஐயா,” என்றார். பிறகு சாதகத்தைத் திருப்பித் தராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆனால் கேட்டது சரிதான். எங்க இருந்திருப்பா?”

அந்தக் கேள்வியில்தான் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு நாவலைத் தொடங்கினார். துளசி என்ற பன்னிரண்டு வயதுப் பெண் தன் சாதகத்தில் அதே ஒன்பது வருடத்தைக் கண்டு, பிறக்கமுன் தான் இருந்த இடத்தை நினைவில் தேடிப் போகிறாள். அது ஒரு பெரிய குளக்கட்டு. பிறக்காத உயிர்களெல்லாம் அங்கே காத்திருக்கின்றன. எந்த வீட்டில் பிறக்கப்போகிறோம், என்ன நடக்கப்போகிறது என்று காட்டிய பிறகுதான் இறங்கச் சொல்வார்கள்; விரும்பாதவர் இறங்காமல் இருக்கலாம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எனக்காகக் கொட்டை எழுத்தில் கொப்பியில் எழுதித் தருவார்.

பிள்ளையை இழந்த எனக்கு எல்லோரும் சொன்ன ஆறுதல், அது முற்பிறப்பு வினை என்பதுதான். கோயிலிலும் அதையே சொன்னார்கள். டீச்சரிடம் அதைச் சொன்னபோது, “செத்த பிள்ளையில பிழை பிடிக்கிற ஆறுதல் எனக்கு வேண்டாம் ஐயா,” என்றார். அப்படி ஒருவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் முடிவை என்னிடமே கேட்டார். நினைவில் திரும்பிப் போன துளசி மறுபடி அந்தக் குளக்கட்டில் நிற்கிறாள்; அவளுக்குக் காட்டுவது என் வீட்டையும், ராணி செத்த அந்தத் தறப்பாளையும். இறங்குவதா, விடுவதா?

“எறங்க வேணாம்னு எழுதுங்க டீச்சர்.”

“இறங்காட்டி உங்களுக்கு அந்தப் பதின்மூண்டு வரியமும் இல்லையே ஐயா.”

“இல்லாட்டிப் போவட்டும். அவளுக்கு அந்தக் கடைசி நாளும் இருக்காதில்ல?”

டீச்சர் கொப்பியை மூடினார். “ரெண்டு கிழமை தாங்கோ,” என்றார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை.

செத்த வீடு முடிந்து எட்டாம் நாள் அவரின் அம்மா அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். வரிவரியாக விரல் வைத்து இரண்டு நாள் வாசித்தேன். நான் கேட்டபடியே எழுதியிருந்தார். துளசி இறங்கவில்லை. கீழே ஒரு மனிதன் வயலால் வீட்டுக்கு வருகிறான். கால் கழுவுகிறான். சாப்பிடுகிறான். படுக்கிறான். அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. கூப்பிடுவதற்கு ஒரு பெயரும் இல்லை. குளக்கட்டில் இருந்து பிள்ளை அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

என் பிள்ளை இரண்டாம் தரம் போனாள். பிழையாகச் சொல்லிவிட்டேன், மாற்றி எழுதுங்கள் என்று சொல்ல எழுந்து டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். அவர்கள் வாசல் படலையில் செத்த வீட்டுக்குக் கட்டியிருந்த வாழையைக் கண்ட பிறகுதான் டீச்சர் இல்லை என்பது நினைவு வந்தது.

கொப்பியை அப்படியே அச்சிடலாமா என்று அவரின் அம்மா கேட்கிறார். சனிக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது நான் கேட்டு வாங்கிய முடிவை; அதற்கு அவரைக் குறை சொல்லவும் இயலாது. வரும் சனிக்கிழமை நிலையத்துக்குப் போய், ‘அவள் இறங்கி வந்தாள்’ என்று ஒரு வரி எழுதிப் பார்ப்பேன். அந்தத் தறப்பாளுக்குத்தான் வருகிறாள் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.