மணமகளின் மணிக்கட்டு

தெப்ராவில் இருந்த அண்ணனின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் தெரியும். மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மணிக்கட்டை மாப்பிள்ளை பிடித்திருப்பார். முகங்கள் இருக்காது. மாலையின் நுனி, மருதாணி, வளையல், இரண்டு கைகள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பேச வரும் ஜோடிகள் அதன் முன்னால் நின்றுவிட்டு, "எங்களுக்கும் இந்த மாதிரி நேச்சுரலா வேணும் அண்ணே" என்பார்கள்.

அண்ணன் என் உடன்பிறந்தவர் அல்ல. நான் சேர்ந்து வேலை பார்க்கும் கல்யாணப் புகைப்படக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மணமேடையை அவர் எடுப்பார். பெண்கள் அறை என் பொறுப்பு. யாரையும் நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்ல மாட்டார். நடப்பதை நடக்கிறபடி எடுக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். "நாம அங்க இல்லாத மாதிரியே இருக்கணும்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். குடும்பப் படம் எடுக்கவில்லை என்று மண்டபத்தில் கோபித்துக்கொண்ட பெரியவர்கள்கூட, ஆல்பம் கைக்கு வந்ததும் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சுவரில் இருந்த படம் பக்கத்து ஊரான உலு திராமில் ஒரு கோயில் மண்டபத்தில் எடுத்தது. பெண் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லை, அம்மா மட்டும். அலங்காரம் நடக்கும்போது அதிகம் பேசவில்லை. கல்யாணப் பெண்கள் பலர் அப்படித்தான் இருப்பார்கள் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

அடுத்த தீபாவளிக்குள் அவள் இறந்துவிட்டாள். புருஷன் அடித்ததில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கேயே உயிர் போயிருக்கிறது. அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காரியத்துக்கு வைக்க மகளின் படம் ஒன்று கேட்டு, ஒரு மழை மத்தியானம் அந்த அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். குடையை மடித்துவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"இது என் மகதானே?"

"ஆமாம்மா," என்றார் அண்ணன்.

அந்த அம்மா பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ரொம்ப அழுத்திப் பிடிச்சிருக்கான்" என்றார்.

நாங்கள் எத்தனையோ தடவை பார்த்த படம். அவர் சொன்ன பிறகுதான் வளையல் சதைக்குள் பதிந்திருந்ததும், அவன் விரல் அழுந்திய இடம் வெளுத்திருந்ததும் எங்களுக்குத் தெரிந்தன.

"இதுல அவ மூஞ்சி எங்க?"

அழகுக்காக முகங்களை வெட்டி எடுத்தவர் அண்ணன்தான். கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் திறந்தார். மாப்பிள்ளை சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவனையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களத்தானே தம்பி பாக்குறா?" என்று கேட்டார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலையே சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, முழுப் படத்தையும் ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார், இதை வைத்து என்ன செய்வது என்று மலாய் மொழியில் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போய் வருகிறார்.

அண்ணன் இன்றும் கல்யாணம் எடுக்கிறார். ஆனால் தாலி கட்டுவதற்கு முன் பெண்ணின் அறைக்கு வந்து, மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கேமராவைக் கீழே வைப்பார். "உனக்கு இஷ்டம்தானேம்மா? ஏதாச்சும் இருந்தா சொல்லு" என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள். "ஓகேலா அண்ணே" என்பார்கள். இதைக் கேட்டுக் கொதித்துப்போன ஒரு தகப்பனார் எங்களைப் பாதியிலேயே வெளியே அனுப்பியிருக்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது காரில் அவரிடம் சொன்னேன், சுவர்ப் படத்தில் இருந்த அந்தப் பெண்ணிடம் அன்றைக்குக் கேட்டிருந்தாலும் ஓகே என்றுதான் சொல்லியிருப்பாள் என்று.

"சொல்லியிருக்கலாம்," என்றார். பிறகு சாலையைப் பார்த்தபடியே, "ஆனா நான் கேக்கலியே" என்றார்.